ஐவிட்னஸ்: வகுப்புக்குள் சாட்சிகளின் குரல்
இனப்படுகொலையைப் பற்றிப் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது என்று முழிக்கும் ஆசிரியர்களுக்கு அமெரிக்காவின் தெற்கு கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் (யுஎஸ்சி) இயங்கும் ஷோவா அறக்கட்டளையின் ஐவிட்னஸ் என்ற வீடியோ பேட்டித் தளத்தைத் தயங்காமல் சொல்வேன், இலவசம் வேறு. 1994-ல் ஹாலிவுட் இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் தொடங்கிய அமைப்பு இது. நாஜிகளிடமிருந்து தப்பிய யூதர்கள் மட்டுமல்ல, 1994 இனப்படுகொலையில் தப்பிய ருவாண்டாவின் டுட்சி இனத்தவர்கள், சீனாவின் நான்ஜிங் நகரில் ஜப்பானியப் படை நடத்திய படுகொலையில் உயிர் தப்பியவர்கள் என்று பலரும் கேமரா முன் உட்கார்ந்து தங்கள் கதையைச் சொல்கிறார்கள். பிணக்குவியல் படங்களைக் காட்டி மிரட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். பெரிய பிளஸ், பேட்டிகளைப் பொருள் வாரியாகக் குறித்து வைத்திருப்பதுதான்: பள்ளியில் மற்றவர்கள் ஒதுக்கிவைத்த அனுபவம் வேண்டுமென்றால், மணிக்கணக்கில் ஓடும் பேட்டியில் நேராக அந்த இடத்துக்கே போய்விடலாம், ஒரு பீரியடுக்கு அது தாராளம். மாணவர்களே துண்டுகளை வெட்டி ஒட்டிச் சின்ன வீடியோ செய்ய எடிட்டரும் உள்ளேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் தடுமாறும் வகுப்பென்றால் நிறுத்தி நிறுத்தி விளக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அப்புறம், எதையும் முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிடுங்கள். சில பேட்டிகள் எட்டாம் வகுப்புக்கெல்லாம் வேண்டாம்.