கோடியக்கரை - தனுஷ்கோடி டூருக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் கொஞ்சம் படித்துவிட்டுக் கட்டுங்கள்

42,000 ரூபாய் ஏமாந்துவிட்டோம். டூருக்கென்று அதை வாங்கிய டிராவல்ஸ் ஆள் இன்று காலை என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கத்திலிருந்து கடற்கரைச் சாலை டூர் கிளம்புகிறவர்களுக்காகத்தான் இது.

கடை பெயர் வேண்டாம். ஈரோட்டில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சின்ன டிராவல்ஸ் ஆபீஸ். குடியரசு தினத்தை ஒட்டி வந்த லீவுக்கு ஒரு துண்டுச்சீட்டு அடித்து வீடு வீடாகப் போட்டிருந்தார்கள். கோடியக்கரையில் வெளிமான், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் படகு, அப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே மணமேல்குடி, தொண்டி வழியாக இன்னொரு அலையாத்திக் காடான காரங்காடு, கடைசியாகத் தனுஷ்கோடி. தனுஷ்கோடியைப் பூநாரை (ஃபிளமிங்கோ) சரணாலயமாக 2025-இல் அறிவித்தது வரைக்கும் சீட்டில் போட்டிருந்தது. பாக் விரிகுடாவில் கடற்பசுவுக்கென்று 2022-இல் காப்பகம் வந்ததும் இருந்தது. எல்லாம் உண்மையான தகவல்கள். விஷயம் தெரிந்தவர்கள் என்று யாருக்கும் நம்பிக்கை வரும்.

எங்கள் வீட்டில் இந்தப் பயணத்துக்கு இரண்டு பேர் காத்துக் கிடந்தார்கள். வெள்ளோடு ஏரியில் பறவை பார்த்துப் பழகிய என் மகனுக்குப் பூநாரை பார்க்க வேண்டும். மாமனார் சின்ன வயதில் மாயாற்றுப் பக்கம் வெளிமான் கூட்டத்தைப் பார்த்தவர். கோடியக்கரையில் அது திறந்தவெளியில் மேயும் என்று கேள்விப்பட்டதிலிருந்து, கால் வலியையும் பார்க்காமல் வருகிறேன் என்றார்.

பணம் கட்டப் போன அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்த ஆள் எழுந்து நின்று மாமனாருக்கு நாற்காலி போட்டான். டீ வந்தது. "ஐயா, உங்களுக்குக் கோயில் எங்கீங்க?" என்று கேட்டான். மாமனார் குலதெய்வக் கோயிலைச் சொன்னதும், "அட, எங்கம்மா வகையில எங்களுக்கும் அதே கோயில்தானுங்க!" என்றான். அப்புறம் பேச்சே வேறு மாதிரி ஆகிவிட்டது. எந்தச் சொந்தம், எந்த ஊர்த் திருவிழா என்று அரை மணி நேரம் போனது. "அக்கா, நம்ம பெரியவரை நான் பத்திரமாக் கூட்டிட்டுப் போயிட்டு வர மாட்டேனுங்களா?" என்றான். ரூம், வண்டி, படகு, பைனாகுலரோடு கைடு, எல்லாம் சேர்த்து 42,000. கம்பெனிக் கணக்கு ரிப்பேர் என்று சொல்லித் தன் சொந்த நம்பருக்கு அனுப்பச் சொன்னான். ரசீது கேட்டதற்கு, "சாயந்திரம் வாட்ஸ்அப்ல வந்துருமுங்க" என்றான். அந்தச் சாயந்திரம் இன்னும் வரவில்லை.

விடிகாலை நான்கு மணிக்கு வர வேண்டிய வண்டி ஒன்பதரைக்கு வந்தது. டெம்போ டிராவலர் என்றார்கள், வந்தது ஓன் போர்டு கார், அதாவது வாடகைக்கு ஓட்டக் கூடாத சொந்த வண்டி. கரூர், திருச்சி, தஞ்சாவூர் தாண்டிக் கோடியக்கரை போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. வெளிமானை வெயில் தாழ்ந்த நேரத்தில், இல்லாவிட்டால் விடியலில்தான் நன்றாகப் பார்க்க முடியும். அந்தச் சாயங்காலம் அப்படியே போனது. ரூம் போட்டிருப்பதாகச் சொன்ன இடத்தில் எங்கள் பெயரே இல்லை. மாமனாரை வண்டியிலேயே உட்கார வைத்துவிட்டு அலைந்தோம். கடைசியில் வேதாரண்யத்துக்குத் திரும்பி வந்து, கைக்காசு போட்டு ஒரு லாட்ஜில் படுத்தோம்.

மறுநாள் காலை டிரைவர் சொன்னதுதான் பெரிய அடி. "எனக்கு வேதாரண்யம் போயிட்டுத் திரும்பத்தானுங்க வாடகை பேசியிருக்காங்க. தனுஷ்கோடின்னு யாரும் சொல்லலீங்களே." அந்தப் பையன் மேல் குற்றமில்லை. அவனுக்கும் பாதி வாடகைதான் கொடுத்திருக்கிறார்கள்.

உள்ளூர் ஆட்டோக்காரர் ஒருவர்தான் எங்களைக் கரையேற்றினார். வனத்துறை வாசலில் சீட்டு வாங்கிக் கொடுத்து, சரணாலயத்துக்குள் கூட்டிப் போய், கறுத்த கிடா ஒன்று முறுக்குக் கொம்போடு நிற்பதையும் சற்றுத் தள்ளிப் பழுப்பு நிறப் பெட்டைகள் மேய்வதையும் மாமனாருக்குக் காட்டினார். அவர் கேட்ட கூலி நியாயமானது. பூநாரைகள் தூரத்துச் சதுப்பில் இருந்தன. பைனாகுலர் இல்லாமல் என் மகனுக்கு வெறும் வெள்ளைப் புள்ளிகள்தான் தெரிந்தன. காரங்காடு, தனுஷ்கோடி எதுவும் கிடையாது. அங்கிருந்தே ஈரோட்டுக்குத் திரும்பிவிட்டோம்.

அதற்கப்புறம் போன் போட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு கதை. முதலில், "டிரைவர் புதுசுங்கக்கா, நான் பேசிக்கறேன்." அப்புறம், "ஓனர் பழனிக்கு நடந்து போயிருக்காருங்க, தைப்பூசம் முடியட்டும்." அடுத்து, "மானும் பறவையும் வரலைன்னா நாங்க என்னங்க பண்றது?" நான் மானைப் பற்றிக் கேட்கவே இல்லை! ரூமும் வண்டியும் எங்கே என்றுதான் கேட்டேன். வீட்டுக்காரர் நேரில் போனார். மேஜையில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். "அவரு வேலையை விட்டு நின்னுட்டாருங்க, நீங்க பணம் போட்டது அவரோட சொந்த நம்பருக்குத்தானுங்களே, எங்களுக்குச் சம்பந்தமில்லீங்க" என்று சொல்லிவிட்டாள். 42,000 ரூபாய் வாங்கும்போது அதே மேஜை, அதே போர்டு, அதே டீக்கடைப் பையன். இப்போது சம்பந்தமில்லையாம். குலதெய்வத்தின் பெயரைச் சொல்லி ஏமாற்றியதுதான் மாமனாருக்கு ஆறவே இல்லை. சாப்பிடும்போதுகூட அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆள் யாராக இருந்தாலும் தனி நம்பருக்குப் பணம் போடாதீர்கள். வாடகை வண்டி என்றால் மஞ்சள் போர்டு இருக்க வேண்டும். ஓன் போர்டு வந்தால் ஏறாதீர்கள், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிடைப்பதே சிக்கல். ரூம் புக்கிங்கை அந்த இடத்துக்கு நீங்களே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். கடற்பசு காட்டுகிறேன் என்று எவனாவது உறுதி சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள், அது கடலுக்கடியில் புல் மேய்கிற கூச்ச சுபாவமுள்ள பிராணி, யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஏமாந்திருந்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

அதே துண்டுச்சீட்டைப் பார்த்து வேறு யாராவது பணம் கட்டியிருந்தால் சொல்லுங்கள். எங்கள் 42,000-க்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறோம், உங்களுடையதையும் சேர்த்தே கொடுத்துவிடலாம்.