மூவாயிரம் ரூபாய்க்குள் எடை குறைந்த கேமிங் மவுஸ்: டெல்டாவின் வியர்வைக்கும் ஈரத்துக்கும் எது தாங்கும்?

மவுஸ் பெட்டியின் மேல் எடையைக் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். வடிவத்தைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. ஆனால் இரண்டு மணி நேரம் வேலரண்ட் என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டம் ஆடிய பிறகு மணிக்கட்டு வலிக்கிறதா இல்லையா என்பதை முதலில் முடிவு செய்வது வடிவம்தான். 60 கிராம் மவுஸாகவே இருக்கட்டும், கைக்குப் பொருந்தாவிட்டால் இறுக்கிப் பிடித்தே விரல்கள் சோர்ந்துவிடும். கையில் ஒழுங்காக உட்காரும் 85 கிராம் மவுஸ் அதைவிட லேசாகத் தெரியும்.

அதனால் கடைக்குக் கிளம்புமுன் ஒரு ஸ்கேல் எடுத்துக் கையை அளந்துவிடுங்கள். நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு ரேகை வரை நீளம். கட்டைவிரலை விட்டுவிட்டு, மற்ற நான்கு விரல்களின் அடிக்கணு அகலம். மவுஸின் நீளம் கை நீளத்தில் ஏறத்தாழ 60 சதவீதம் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. கை 18.5 செ.மீ என்றால் 11 செ.மீ மவுஸ். இது விரலை வளைத்து நகம்போல் பிடிப்பவர்களுக்குச் சரியாக வரும். உள்ளங்கையை முழுதாகப் படியவைத்துப் பிடிப்பவர்களுக்கு இதைவிட ஒன்றிரண்டு செ.மீ கூடுதல் தேவை. பிடிமானம் மவுஸின் பக்கச்சுவர்களில்தான் இருக்கிறது. அந்த இடத்தின் அகலம் அடிக்கணு அகலத்தில் 60 சதவீதத்தை ஒட்டி வந்தால், தூக்கும்போது நழுவாது.

இந்தத் தூக்கல்தான் கிராமுக்கு மதிப்புத் தருகிறது. மவுஸில் 800 டிபிஐ (ஓர் அங்குல நகர்வுக்குப் பதிவாகும் புள்ளிகள்), வேலரண்டில் 0.4 சென்சிடிவிட்டி (ஆட்டத்துக்குள் வைக்கும் திரும்பும் வேகம்) வைத்தால், ஒரு முழுச் சுற்றுச் சுற்ற மவுஸ் கிட்டத்தட்ட 41 செ.மீ நகர வேண்டும். பின்னால் திரும்பவே 20 செ.மீ போய்விடும். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துக் கல்லூரி விடுதி மேசையில் லேப்டாப்பும் புத்தகமும் தண்ணீர் பாட்டிலும் போக, மவுஸுக்கு மிஞ்சுவது 25, 30 செ.மீ. அங்கே ஆடுபவர் நிமிடத்துக்குப் பல தடவை மவுஸைத் தூக்கித் தூக்கித்தான் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். பெரிய மேசை வைத்திருப்பவரைவிட, இடமில்லாதவருக்கே எடை குறைந்த மவுஸ் அதிகம் உதவும்.

கடைகளில் சுலபமாகக் கிடைப்பது லாஜிடெக் ஜி102. விலை பெரும்பாலும் 1,500 ரூபாயைச் சுற்றி இருக்கும். எடை 85 கிராம், நீளம் 116.6 மி.மீ, அகலம் 62, உயரம் 38. முட்டை போன்ற எளிய வடிவம், எங்கும் துருத்தல் இல்லை. 17 முதல் 19 செ.மீ கைகளுக்கு நகப்பிடியில் நன்றாகவே பொருந்தும். நகர்வைப் படிக்கும் சென்சார் 8,000 டிபிஐ வரை போகும், ஆனால் உங்களுக்கு வேண்டியது 800தான். நொடிக்கு 1,000 முறை கணினிக்குத் தகவல் அனுப்புகிறது. இந்த விலையில் குறை சொல்ல முடியாத சென்சார். குறை கேபிளில் இருக்கிறது. ரப்பர் உறை போட்ட விறைப்பான ஒயர், பெட்டியில் மடித்த மடிப்பு வாரக்கணக்கில் போகாது. மேசை விளிம்பில் உரசி மவுஸைப் பின்னுக்கு இழுக்கும். பலர் இந்த இழுவையைத்தான் மவுஸின் எடை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு பைண்டர் கிளிப்பை மானிட்டரின் அடியில் மாட்டி, ஒயரை மேசையில் படாமல் தூக்கிவிட்டு, மவுஸுக்கு முன்னால் ஒரு சாண் தளர்வு விட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். செலவு பத்து ரூபாய்கூட இல்லை.

அதே உடம்பில் ஒயர் இல்லாமல் வருவது ஜி304. ஒரு ஏஏ பேட்டரியோடு 99 கிராம், விலையும் ஏறக்குறைய இரட்டிப்பு. சாதாரண ஆல்கலைன் ஏஏ 23 கிராம் இருக்கும். லித்தியம் ஏஏ போட்டால் 15 கிராம்தான், 8 கிராம் குறையும். ஏஏஏ பேட்டரியை அடாப்டரில் வைத்தும் கிட்டத்தட்ட அதே அளவு குறைக்கலாம், ஆனால் பேட்டரி சீக்கிரம் தீரும். காசு மிச்சம் என்று ரீசார்ஜபிள் ஏஏ போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: அது ஆல்கலைனைவிடக் கனம், மவுஸ் 100 கிராமைத் தாண்டிவிடும்.

உள்ளங்கை முழுக்கப் படியவைத்துப் பிடிப்பவர், கை 19 செ.மீக்கு மேல் என்றால், ரேஸர் டெத்ஆடர் எசென்ஷியல் பார்க்கலாம். 96 கிராம், 127 மி.மீ நீளம், வலது கைக்கென்றே சாய்த்த முதுகு. எடை குறைந்த மவுஸ் வரிசையில் இது வராது. இருந்தும் இங்கே சொல்வதற்குக் காரணம், இந்தக் கைகளுக்கு ஜி102 சிறிது. சுண்டுவிரல் மவுஸ் பேடில் உரசும், விரல்கள் முன்னால் தொங்கும்.

உண்மையில் எடை குறைந்தது வேண்டுமென்றால் மூன்று பெயர்கள். 61 கிராம் ரேஸர் வைப்பர் மினி 2020இல் வந்தது. இப்போது புதிதாகக் கிடைப்பது அரிது, பழைய ஸ்டாக் நியாயமான விலையில் அகப்பட்டால் விட்டுவிடாதீர்கள். அதன் வழியில் வந்த ரேஸர் கோப்ரா 58 கிராம். ஹைப்பர்எக்ஸ் பல்ஸ்ஃபயர் ஹேஸ்ட் 59 கிராம், மேலோடு முழுக்கத் தேன்கூடு போல ஓட்டை. மூன்றிலும் கேபிள் துணி பின்னிய மெல்லிய ரகம், மேசையில் இழுவை தெரியாது.

இவற்றில் டெல்டாவுக்கு எது என்பதை எடையைவிட ஸ்விட்சும் மேலோடும்தான் தீர்மானிக்கும். சாதாரண ஸ்விட்சில் ஒரு மெல்லிய உலோகத் தகடு இன்னொன்றைத் தொட்டு க்ளிக் பதிவாகிறது. தொடும் இடம் கறுத்துப்போனாலோ தகடு தளர்ந்தாலோ ஒரு அழுத்தலுக்கு இரண்டு க்ளிக் விழும். ஐப்பசி, கார்த்திகை ஈரமும் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றும் அந்தக் கறுப்பை விரைவுபடுத்தும். வைப்பர் மினியிலும் கோப்ராவிலும் ஒளிக்கற்றையை வைத்து க்ளிக் பதிவாகிறது. கறுக்க உலோகத் தொடுமுனையே இல்லை, இரட்டை க்ளிக்குக்கு அங்கே இடமில்லை. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு நாங்கள் கோப்ராவையே சொல்வோம், ஆயிரம் ரூபாய் கூடுதலானாலும்.

தேன்கூடு ஓடு வியர்க்கும் கைக்குக் காற்றோட்டம் தரும், அதை மறுக்க முடியாது. ஆனால் அறுவடை நாளில் ஜன்னல் திறந்த வீட்டுக்குள் வரும் நெல் தூசும் சுணையும் அந்த ஓட்டைகள் வழியே நேராக உள்ளே இறங்கும். மேசையில் தின்பண்டம் சிந்தியிருந்தால் சிற்றெறும்பும் போகும். மாதம் ஒருமுறை கையால் அழுத்தும் ரப்பர் புளோவரால் ஊதிவிடுபவர் வாங்கலாம். மற்றவர்களுக்கு மூடிய ஓடு நல்லது. பக்கங்களில் ரப்பர் ஒட்டிய மவுஸ்களும் சித்திரை வெயிலில் பசை இளகிப் பெயரும். சொரசொரப்பான பிளாஸ்டிக் சுவரே நீடிக்கும்.

அறுநூறு, எழுநூறு ரூபாய்க்கு ஏழு வண்ண விளக்கோடு வருபவற்றில் ஒன்றைச் சோதிக்காமல் வாங்காதீர்கள். சிலவற்றில் கனமாகத் தெரியட்டும் என்று உள்ளே இரும்புத்துண்டு வைத்திருப்பார்கள். வேகமாக வீசினால் சென்சார் தடம் இழக்கும், ஆட்டத்தில் தரையையோ வானத்தையோ பார்த்து நிற்பீர்கள். கடை லேப்டாப்பிலேயே பார்த்துவிடலாம். விண்டோஸ் மவுஸ் அமைப்பில் ‘என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன்’ டிக்கை எடுத்துவிட்டு, அம்புக்குறியைத் திரையின் நடுவில் வையுங்கள். மவுஸை வேகமாக ஒரு பக்கம் இழுத்து, மெதுவாகப் பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். அம்புக்குறி திரை விளிம்பில் முட்டாத தூரமாக இருக்க வேண்டும். நல்ல சென்சாரில் அது கிட்டத்தட்ட கிளம்பிய இடத்துக்கே வரும். அடுத்து நோட்பேடில் பத்து வரி எழுத்தை அழுத்திப் பிடித்து இழுத்துத் தேர்வு செய்யுங்கள். பாதியில் தேர்வு அறுந்தால் ஸ்விட்ச் சரியில்லை.

தூக்கும்போது அம்புக்குறி நகர்கிறதா என்று பார்க்க ஒரு பழைய சிடி போதும். சென்சார் சிடியின் நடு ஓட்டைக்கு மேல் வரும்படி மவுஸை வைத்து நகர்த்துங்கள். ஒரு சிடி 1.2 மி.மீ தடிமன். இரண்டு சிடி அடுக்கியும் அம்புக்குறி ஓடினால், ஒவ்வொரு தூக்கலிலும் குறி விலகும். சிறிய மேசைக்காரர்கள் அதை வாங்க வேண்டாம். எடையைச் சரிபார்க்க விரும்பினால், நிறுவனங்கள் சொல்வது கேபிள் சேர்க்காத எடை என்பதை நினைவில் வைத்து, ஒயரை மேலே தூக்கிப் பிடித்தபடி தராசில் வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் சன்மைக்கா மேசைமேல் நேராக ஓட்டாதீர்கள். அடியில் ஒட்டியிருக்கும் டெஃப்லான் பட்டைகள் ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது, மணல் துகள் பட்டால் கீறிப்போகும். 45க்கு 40 செ.மீ துணி பேட் ஒன்று போடுங்கள். இடமில்லையென்றால் லேப்டாப்பைச் சற்றுச் சாய்வாக வைத்து இடம் பண்ணலாம். அடைமழைக் காலத்தில் துணி ஈரம் குடித்து மவுஸ் ஒட்டிக்கொண்டு நகர்வதுபோல் இருக்கும். அதை மவுஸின் கோளாறு என்று நினைத்துத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. லேசான சோப்புத்தண்ணீரில் பேடை அலசி, பிழியாமல் துண்டில் ஒற்றி, மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் முழுக்க உலர்த்துங்கள். பட்டை தேய்ந்தால் அந்த மாடலுக்கென்றே வெட்டிய மாற்றுப் பட்டை ஆன்லைனில் கிடைக்கும். ஒட்டுமுன் பழைய பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் முழுக்கத் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மூலை மேடாகி மவுஸ் ஆடும்.