கேட்டலினா 30, இரண்டாம் கை: கீல் முதல் காகிதம் வரை

அமெரிக்காவில் பெரிய படகுத்துறை எதற்குப் போனாலும் ஒரு கேட்டலினா 30 கண்ணில் படாமல் போகாது. ஃபிராங்க் பட்லர் வடிவமைத்து, கலிஃபோர்னியாவில் அவருடைய கேட்டலினா யாட்ஸ் நிறுவனம் 1970களின் நடுவில் கட்டத் தொடங்கிய பாய்மரப் படகு இது. 2000களின் பிற்பகுதி வரை 6,000த்துக்கும் மேல் வெளிவந்தன. அதனால் பழைய படகுச் சந்தையில் இதற்குப் பஞ்சமே இல்லை. விற்பவருக்கு அதுவே சிக்கலும்கூட. அதே வயதில் இன்னொரு கேட்டலினா 30 பக்கத்து ஊரிலேயே விலைக்கு நிற்கும்போது, 'நன்கு பராமரிக்கப்பட்டது' என்று விளம்பரத்தில் எழுதியதற்காக யாரும் ஒரு டாலர் கூடுதலாகத் தர மாட்டார்கள். இந்த மாடலில் எங்கெங்கே பழுது வரும் என்பது விவரம் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். அந்த இடங்களில் என்ன வேலை நடந்திருக்கிறது என்று காட்ட முடிகிற படகுக்குத்தான் விலை.

முதலில் படகைப் பற்றி. நீளம் 29 அடி 11 அங்குலம், அகலம் 10 அடி 10 அங்குலம். இந்த நீளத்துக்கு அது தாராளமான அகலம். ஆறடி ஆள் கேபினில் நிமிர்ந்து நிற்கலாம். நான்கு பேர் உள்ள குடும்பம் ஒரு வாரம் நெருக்கடி இல்லாமல் தங்கலாம். எடை சுமார் 10,200 பவுண்டு, அதில் 4,200 பவுண்டு ஈயக் கீல், அதாவது படகைக் கவிழாமல் நிறுத்தும் அடிப்பாரம். ஆழக் கீல் உள்ள படகுக்கு 5 அடி 3 அங்குலம் தண்ணீர் வேண்டும். ஆழம் குறைந்த கடற்கரைகளுக்காகப் பின்னாளில், அடியில் இறக்கை விரிந்த குட்டையான இறக்கைக் கீலும் வந்தது. அது சேற்றில் தட்டினால் எளிதில் வெளியே வராது என்பதை வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

கரையோரத்துக்கு இதைவிட நல்ல படகு இந்த விலைக்குக் கிடைப்பது கஷ்டம். விரிகுடா, பெரிய ஏரிகள், தீவுக்குத் தீவு என்றால் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்யலாம். சமுத்திரம் கடக்கும் எண்ணத்தோடு வருகிறவருக்கு இது சரிப்படாது, அதை விற்பவரே சொல்லிவிடுவது நல்லது. அகன்ற கேபினும் பெரிய காக்பிட்டும் துறையில் நிற்கும்போது சுகம், நடுக்கடலில் பெரிய அலை வரும்போது தொல்லை.

இனி கீல். இந்தப் படகின் விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இதுதான். ஏறக்குறைய 1988க்கு முன்பு கட்டிய படகுகளில், ஈயக் கீலை மாட்டும் அடித்தண்டு முழு ஃபைபர் இல்லை. நடுவில் பிளைவுட் வைத்து மேலும் கீழும் ஃபைபர் போர்த்தியிருப்பார்கள். போல்ட் துளை வழியாக அந்தப் பிளைவுட்டுக்குத் தண்ணீர் போனால் அது மெல்ல ஊறி இளகுகிறது. இளகிய மரத்தின் மேல் நட்டை எவ்வளவு முறுக்கினாலும் வாஷர்தான் உள்ளே புதையும், பிடிப்பு வராது. பிடிப்பு தளர்ந்ததும் ஈயமும் உடலும் சேரும் மூட்டில், முன்பக்கம், வளைந்த ஒரு விரிசல் தெரியும். இந்த வட்டாரத்தில் அதற்கு 'கேட்டலினா புன்னகை' என்றே பெயர்.

புன்னகை தெரிந்தாலே கீல் போச்சு என்று அர்த்தம் இல்லை. மேலே அடைத்திருந்த ஃபில்லர் மட்டும் உதிர்ந்திருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி உண்டு. கிரேன் பட்டையில் படகு அந்தரத்தில் தொங்கும்போது மூட்டின் முன்முனைக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். பிறகு கீல் கட்டைகளின் மேல் உட்கார்ந்ததும் அதே இடத்தைப் பாருங்கள். தொங்கும்போது விரிசல் திறந்து, உட்கார்ந்ததும் மூடினால் போல்ட்டுக்குப் பிடிப்பு இல்லை. படகு கரையேறி நாலைந்து நாள் ஆன பிறகும் மூட்டிலிருந்து துருநிறத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தால், தண்ணீர் போல்ட் வரை போயிருக்கிறது. உள்ளே பில்ஜில், அதாவது தண்ணீர் தேங்கும் அடிக்குழியில், தரைப் பலகையைத் தூக்கிவிட்டு ஒவ்வொரு நட்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வாஷரைச் சுற்றி ஃபைபர் குழிந்து மயிரிழை வெடிப்பு இருந்தால் கீழே மரம் இளகிவிட்டது. இன்னும் சந்தேகம் என்றால், உரிமையாளர் சம்மதத்தோடு, போல்ட்டுகளுக்கு நடுவில் மேலிருந்து கால் அங்குலத் துளை ஒன்று போடச் சொல்லலாம். வெளிர் நிறத் தூள் உலர்ந்து வந்தால் நிம்மதி. கறுத்த ஈரமான நார் வந்தால் அந்த மரத்தை முழுக்கத் தோண்டி எடுத்து, திட ஃபைபரும் எபாக்சியும் நிரப்பி, பெரிய தகட்டு வாஷர் போட்டு முறுக்கியாக வேண்டும்.

விற்பவர் இங்கே செய்யும் பெரிய தப்பு ஒன்று உண்டு. விற்பனைக்கு முன் விரிசலில் பூச்சைத் தேய்த்து அதன் மேல் புதுப் பெயின்ட் அடித்துவிடுவார்கள். நீர்க்கோட்டுக்குக் கீழே மூட்டில் மட்டும் பெயின்ட் புதிதாக இருப்பதைக் காணும் சர்வேயர், அதாவது வாங்குகிறவருக்காகப் படகைச் சோதிக்கும் நிபுணர், அடுத்த ஒரு மணி நேரம் அங்கேயேதான் நிற்பார். முறையான வேலை வேறு: மூட்டை V வடிவத்தில் வெட்டித் திறந்து, காயவிட்டு, 3எம் 5200 போன்ற ஒட்டுப்பசை நிரப்பி, பசை இறுகும் முன் நட்டுகளைக் கம்பெனி சொன்ன முறுக்கு விசை (டார்க்) அளவுக்கு முறுக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் படம் எடுத்து, படகுப் பட்டறை ரசீதோடு வைத்தால் அந்தப் பழைய விரிசலே விற்பனைக்குச் சாதகமாகிவிடும்.

அடுத்தது பாய்மரத்தின் கால். இதில் பாய்மரம் தளத்தின் மேல் நிற்கிறது. அதன் பாரத்தைக் கேபினுக்குள் நிற்கும் ஒரு தூண் கீழே இறக்குகிறது. தூணின் அடியில், தரைக்குக் கீழே, ஒரு மரக்கட்டை. பில்ஜ் தண்ணீரில் வருடக்கணக்கில் ஊறி அந்தக் கட்டை உளுத்தால் தூண் இறங்கும், கூடவே தளமும் இறங்கும். அறிகுறி கழிவறைக் கதவு: சட்டத்தில் உரசி, சரியாக மூடாது. வெளியே பாய்மரத்தின் காலைச் சுற்றித் தளம் குழிந்திருக்கும். போன சீசனில் சரியாக இறுக்கிய பக்கவாட்டுக் கம்பிகள் இப்போது தொய்ந்து கிடக்கும். கம்பியை மறுபடி இறுக்கி மறைப்பது நோயை வளர்க்கும் வேலை. கட்டையை எடுத்துவிட்டு ஊறாத பொருளில் புதியது வைப்பதே தீர்வு. பாய்மரத்தை இறக்கிச் செய்தால் அதே செலவில் உச்சி விளக்கு வயரையும் மாற்றிவிடலாம்.

எஞ்சின் விஷயத்தில் இரண்டு உலகம். ஆரம்பகாலப் படகுகளில் அட்டாமிக் 4 பெட்ரோல் எஞ்சின். அது ஓடும், உதிரிபாகமும் கிடைக்கும். ஆனால் கேபினுக்குக் கீழே பெட்ரோல் ஆவி என்றால் வாங்க வருகிறவர் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுகிறார்கள். பிந்தியவற்றில் யுனிவர்சல் டீசல், உள்ளே குபோட்டா டிராக்டர் பிளாக். எம்-25, எம்-25எக்ஸ்பி இரண்டும் ஒழுங்காக எண்ணெய் மாற்றினால் நீண்ட நாள் உழைக்கிற எஞ்சின்கள். அவை கெடுவது உள்ளே இல்லை, சுற்றி மாட்டிய பொருள்களில்தான். எம்-25இல் பழைய ஆல்டர்னேட்டர் பிராக்கெட் மெலிதானது. அதிர்வில் வெடித்தால் கியர் மூடியையும் சேர்த்து உடைக்கும். தடித்த பிராக்கெட் மாட்டியாகிவிட்டதா என்று முதலில் கேளுங்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் பழைய 2 அங்குல ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குப் பதில் 3 அங்குலம் இருந்தால் நல்லது. அதிலுள்ள பென்சில் ஜிங்க்கை, அதாவது அரிப்பைத் தான் ஏற்றுக்கொள்ளும் துத்தநாகக் குச்சியைக், கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஜிங்க் கரைந்தே போயிருந்தால் அடுத்துக் கரைவது எக்ஸ்சேஞ்சர். புகைக் குழாயின் சூடான பகுதியில் சுற்றியிருக்கும் துணியைப் பிரித்து, மரையைத் துரு தின்றிருக்கிறதா பார்க்க வேண்டும். ஓட்டை விழுந்தால் புகை கேபினுக்குள்தான் வரும்.

எல்லாவற்றையும்விட அவசரமானது வயரிங். எஞ்சினிலிருந்து சாவிப் பலகை வரை போகும் வயர்க் கட்டில் இரண்டு முனைகளிலும் டிரெய்லர் வண்டிகளில் வருவது மாதிரியான பிளக். ஆல்டர்னேட்டரின் முழு மின்சாரமும் அந்தப் பிளக் வழியாகப் பலகையின் அம்மீட்டருக்கு ஏறி, மறுபடி இறங்கி வருகிறது. உப்புக் காற்றில் பிளக் பச்சை பூத்தால் அங்கே சூடேறி பிளாஸ்டிக் உருகும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. கிளப்பும் முன் எஞ்சினைச் சூடேற்றும் க்ளோ பிளக்குக்குப் போதிய மின்சாரம் போகாமல் காலையில் எஞ்சின் அடம்பிடிப்பதும் பல நேரம் இதனால்தான். பிளக்கை வெட்டி எறிந்து டெர்மினல் பலகையில் இணைப்பது, அம்மீட்டருக்குப் பதில் வோல்ட்மீட்டர், ஆல்டர்னேட்டர் வயரை நேராகப் பேட்டரிப் பக்கம் கொண்டுபோவது: ஒரு வாரக்கடைசி வேலை, சொற்பச் செலவு. இதைச் செய்யாமல் இந்தப் படகை விற்பனைக்கு வைக்கவே கூடாது.

மற்றவை சுருக்கமாக. பழைய படகுகளில் நீர்க்கோட்டுக்குக் கீழே இருக்கும் சக்கரப்பிடி கேட் வால்வுகள் உள்ளே அரித்துப்போய்த் திருகினால் கையோடு வரும். அவற்றை எடுத்துவிட்டு நெம்புகோல் பிடியுள்ள சீகாக் வால்வு போட்டிருக்க வேண்டும். பாய்மரக் கம்பிகளுக்கு வயது பத்துப் பதினைந்து ஆண்டைத் தாண்டினால் காப்பீட்டு நிறுவனங்கள் பல கேள்வி கேட்கும், மாற்றிய ரசீது இல்லையென்றால் அந்தச் செலவு முழுவதையும் வாங்குகிறவர் விலையில் கழிப்பார். பாய்மரக் கம்பிகளைப் பிடிக்கும் தகடுகள் தளத்தில் நுழையும் இடத்துக்கு நேர்கீழே உள்ள தடுப்புப் பலகையில் கறுப்புக் கறை இருந்தால் தண்ணீர் இறங்குகிறது. அங்கே பூட்டைல் நாடா வைத்து மறுபடி பதியுங்கள், சிலிக்கான் வேண்டாம். ஜெனோவா என்கிற பெரிய முன்பாயில், வெயிலைத் தாங்க வைத்த பட்டையின் தையலை நகத்தால் கீறிப் பாருங்கள். நூல் பொடியானால் பாயைத் தையற்காரரிடம் அனுப்பிவிட்டுப் படம் எடுங்கள்.

பணத்தை எங்கே போடக் கூடாது என்பதும் தெரிய வேண்டும். புது ஜிபிஎஸ் திரை, ரேடார், புது மெத்தை விலையைக் கூட்டுவதில்லை. வேகமாக விற்க உதவும், அவ்வளவுதான். சுத்தமான பில்ஜும் நாற்றமில்லாத கழிவறைக் குழாயும் அதைவிட அதிகம் பேசும்.

வழக்கம் இப்படி: விலை பேசி முடிந்ததும் வாங்குகிறவர் பத்து சதவீத முன்பணம் கட்டுவார், சர்வே, கடல் ஓட்டம் இரண்டும் திருப்தியானால்தான் மீதி. சர்வேயர் கட்டணமும் கிரேன் கட்டணமும் வாங்குகிறவருடையது. சாம்ஸ் அல்லது நாம்ஸ் என்கிற சர்வேயர் சங்கத்தின் உறுப்பினராக சர்வேயர் இருந்தால் பெரும்பாலும் காப்பீட்டுக்கும் அந்த அறிக்கையே போதும். சர்வே நாளன்று காலை எஞ்சினை முன்கூட்டி ஓட்டிச் சூடாக்கி வைக்காதீர்கள். சர்வேயர் முதலில் பிளாக்கைத் தொட்டுப் பார்ப்பார், சூடாக இருந்தால் குளிரில் கிளம்பாத எஞ்சின் என்றே எழுதுவார். முழு வேகத்தில் கறுப்புப் புகை வந்தால் புரொப்பல்லரில் சிப்பி ஒட்டியிருக்கலாம். முந்தின நாளே முக்குளிப்பவரை வைத்துச் சுரண்டிவிடுங்கள். நீலப் புகைக்கு அப்படி எளிய வழி கிடையாது.

தரகர் கமிஷன் பொதுவாக பத்து சதவீதம். விலை குறைந்த 1970களின் படகுக்குப் பல தரகர்கள் குறைந்தபட்சக் கட்டணம் வைப்பார்கள், அதனால் நேராக விற்பதே மேல். பிந்திய, பின்பக்கம் வழியாக இறங்கும் வசதியுள்ள மார்க் 3 பதிப்புக்குத் தரகர் வைத்துக்கொள்ளலாம். காகிதத்தில், படகு கடலோரக் காவல்படைப் பதிவில் இருக்கிறதா, மாநில அரசு தரும் உரிமைப் பத்திரமான டைட்டிலில் இருக்கிறதா என்பதை விளம்பரத்திலேயே சொல்லுங்கள். வங்கிக் கடன் இருந்திருந்தால் அது தீர்ந்ததற்கான ஆவணம் கையில் இருக்கட்டும். பின்பலகையின் வலப்பக்கம் 'சிடிஒய்' என்று தொடங்கும் 12 எழுத்து உடல் எண் பொறித்திருக்கும். அதன் ஒவ்வொரு எழுத்தும் டைட்டிலோடு ஒத்துப்போகிறதா என்று விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே சரிபாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தால் திருத்தப் பல வாரம் ஆகும், முன்பணம் கட்டியவர் அதுவரை காத்திருக்க மாட்டார்.