தூக்கத்துக்கு மதிப்பெண் போடும் கைப்பட்டை: நான்கு மாதங்களுக்குப் பின்

உயர்நிலை நான்கில் படிக்கும் என் மகளுக்காக, தூக்கத்தைக் கணக்கிடும் கைப்பட்டை ஒன்றைச் சிராங்கூன் சாலைக் கடையொன்றில் 89 வெள்ளிக்கு வாங்கினேன். தினமும் ஏழு மணி நேரமாவது தூங்குவதாக அவள் சாதித்துவந்தாள். எனக்கு நம்பிக்கையில்லை.

இரண்டே வாரங்களில் வழக்கு தீர்ந்தது. பள்ளி நாள்களில் அவளுடைய சராசரித் தூக்கம் 5 மணி 50 நிமிடம். 13 முதல் 18 வயதுக்குட்பட்டோர் 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. சனி, ஞாயிறுகளில் பதினொரு மணிவரை தூங்கி ஈடுகட்டிவிடுவதாக அவள் நினைத்திருக்க, அப்படித் தூங்கியதாலேயே ஞாயிறு இரவு ஒரு மணிக்கு முன் கண் மூடாமல், திங்கட்கிழமையை வாரத்தின் மிக மோசமான நாளாகத் தொடங்குகிறாள் என்பதை வரைபடம் காட்டிக்கொடுத்தது. இந்த ஒன்றுக்காகவே கொடுத்த காசு தகும்.

ஆனால், ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று செயலி நிமிடக் கணக்கில் பிரித்துக் காட்டுவதை அப்படியே நம்ப வேண்டாம். ஆய்வகத்தில் தலையில் மின்முனைகளைப் பொருத்தி, மூளை அலைகளையும் கண் அசைவையும் பதிவுசெய்தே இந்த நிலைகளைப் பிரிக்கிறார்கள். பட்டைக்குத் தெரிந்தவை கையின் அசைவும், பச்சை ஒளியால் அறியும் நாடித்துடிப்புமே. மற்றவை அவற்றிலிருந்து செய்யும் ஊகம். தூக்கம் வராமல் அசையாது படுத்திருந்த நேரத்தையும் அது பலமுறை தூக்கமாகவே எழுதிக்கொண்டது.

காலையில் திரையில் தோன்றும் நூற்றுக்கு இத்தனை என்ற மதிப்பெண்தான் எங்களைப் படுத்தியது. “இன்றைக்கு 61தான்மா, கணக்குத் தேர்வு போச்சு” என்று பசியாறும்போதே அவள் முகம் வாடும். இப்படித் தூக்கத்தின் எண்களைத் துரத்தி, அந்தக் கவலையிலேயே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதற்கு அமெரிக்க ஆய்வாளர்கள் 2017இல் ‘ஆர்த்தோசோம்னியா’ என்று பெயரிட்டார்கள். மதிப்பெண் பக்கத்தை மறைத்துவிட்டோம்; இப்போது வாரச் சராசரியை மட்டும் நான் பார்க்கிறேன்.

மின்கலம் ஐந்து நாள் தாங்குகிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் மணிக்கட்டு அரிக்கிறது.

தூக்கத்தைக் கூட்டியது பட்டையன்று. இரவு ஒன்பதரைக்கு முடிந்த துணைப்பாட வகுப்பைச் சனிக்கிழமைக்கு மாற்றினோம். உடலில் கஃபீன் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரமாகும் என்பதால் மாலை பபிள் டீயை நிறுத்தினோம். சராசரி 6 மணி 40 நிமிடமானது. முந்தைய நாள் படித்ததை மூளை நிலைநிறுத்துவது தூக்கத்தில்தான் என்பதால் இந்த 50 நிமிடமும் படிப்புக் கணக்கில் சேரும் என்று அவளிடம் வாதாடி வென்றேன்.

இதற்குமேல் கூட்ட எங்களால் முடியவில்லை. பதின்ம வயதில், தூங்கும் நேரத்தை உடலுக்கு உணர்த்தும் மெலட்டோனின் என்ற ஹார்மோன் சுரக்கும் நேரமே பின்னுக்குப் போகிறது. பள்ளியோ ஏழரைக்குத் தொடங்குகிறது. நன்யாங் மகளிர் உயர்நிலைப் பள்ளி 2016இல் தொடங்கும் நேரத்தை 45 நிமிடம் தள்ளிவைத்தபோது மாணவியரின் தூக்கம் கூடியதாக டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளி ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அந்த வசதி எந்தச் செயலியிலும் இல்லை.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். வீட்டில் இதே வாக்குவாதம் இருந்தால், வாங்குவதைவிட ஒரு மாதத்துக்கு யாரிடமாவது இரவல் கேளுங்கள்.