தெரு போடும் முன் பேச மூன்று வழிகள்: கடலூரில் எது பலிக்கும், புதுச்சேரியில் எது?

குடியிருப்புத் தெரு ஒன்றைப் பெயர்த்துப் புதிதாகப் போடும்போது, அங்கே வசிப்பவர்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது சாலையின் மட்டம். தாரா, சிமெண்டா, பேவர் பிளாக்கா என்ற விவாதம் அதற்குப் பிறகுதான். மட்டம் ஆறு அங்குலம் ஏறினால், ஐப்பசி மழையில் எந்த வீட்டுக்குள் தண்ணீர் புகும் என்பது அப்போதே முடிவாகிவிடுகிறது. அந்த மட்டமோ வேலைக்கான செலவு மதிப்பீடு தயாராகும்போதே குறிக்கப்படுகிறது. ஜல்லி வந்து இறங்கிய பிறகு ஒப்பந்ததாரரைச் சூழ்ந்துகொண்டு குரல் எழுப்புவதில் பயனில்லை. அவர் கையில் இருப்பது பணி ஆணை. அதை மாற்றும் அதிகாரம் அவருக்குக் கிடையாது.

எனவே மூன்று வழிகளையும் நான் இரண்டு கேள்விகளை வைத்தே பார்க்கிறேன். மதிப்பீட்டுக்கு முன்பே தெருவின் பேச்சு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்கிறதா? அப்படிப் போகும் பேச்சு யாருடையது?

முதல் வழி பகுதி சபை. தமிழ்நாட்டில் நகர்ப்புற வார்டு குழு, பகுதி சபைகளுக்கான விதிகள் 2022-இல் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, மாநிலம் எங்கும் கூட்டங்கள் நடந்தன. ஒவ்வொரு வார்டும் சில பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. அந்தந்தப் பகுதியின் வாக்காளர்களே சபையின் உறுப்பினர்கள். கூட்டத்தை நடத்துபவர் மாமன்ற உறுப்பினர். மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில்தான் வார்டு குழு கட்டாயம் என்கிறது அரசியலமைப்பின் 243எஸ் பிரிவு. 2011 கணக்கெடுப்பின்படி கடலூரில் இருந்தவர்கள் சுமார் 1.73 லட்சம் பேர். அந்தக் கணக்கை மட்டும் வைத்திருந்தால் கடலூருக்கு இந்த வாய்ப்பே வந்திருக்காது. மாநில விதிகள்தான் கொண்டுவந்தன. 2021-இல் மாநகராட்சியான ஊருக்கு இது பெரிய வரவு என்றே நினைக்கிறேன்.

இந்த வழியின் பலம் பதிவு. கூட்டத்தில் சொன்னது தீர்மானமாக எழுதப்பட்டால், 'பழைய தளத்தைச் சுரண்டிவிட்டே புதுத் தளம் போட வேண்டும்' என்ற ஒற்றை வரிக்குக்கூடக் கனம் வந்துவிடும். அந்த வரிக்கு மாநில அளவில் ஆதாரமும் இருக்கிறது. 2021 மே மாதம் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, ஏற்கெனவே உள்ள மேல்தளத்தை அகற்றிய பிறகே சாலையைப் புதுப்பிக்க வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று துறைகளுக்கு அறிவுறுத்தினார். ஆனால் சிமெண்ட் சாலையை உடைத்து அள்ளச் செலவும் நாளும் அதிகம் என்பதால், அதன்மேலேயே இன்னொரு தளம் போடும் எண்ணம் எளிதில் வந்துவிடும். பகுதி சபையில் கேட்டுப் பதிவு செய்ய வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

குறைகளும் உண்டு. கூட்டம் எப்போது என்பதே பலருக்குத் தெரிவதில்லை. வருகிறவர்கள் தெருவிளக்கு, குப்பை, நாய்த் தொல்லை என்று அன்றாடக் குறைகளைச் சொல்வார்கள். ஆறு மாதம் கழித்து வரப்போகிற சாலையைப் பற்றிப் பேச யாருக்கும் தோன்றாது. பண்ருட்டியிலோ நெய்வேலியிலோ வாக்காளர் பட்டியலில் பெயரை வைத்துக்கொண்டு கடலூரில் வாடகைக்குக் குடியிருப்பவர் இந்தச் சபையின் உறுப்பினரே அல்ல. மழைத் தண்ணீர் முதலில் புகுவது பெரும்பாலும் அவர் குடியிருக்கும் கீழ்ப் போர்ஷனுக்குள்தான்.

இரண்டாவது வழி குடியிருப்போர் நலச்சங்கம். சட்டம் தரும் நாற்காலி இதற்கு இல்லை. ஆனால் வருடம் முழுக்க உயிரோடு இருக்கும் அமைப்பு இதுதான். செயலாளர் ஓய்வுபெற்ற பொறியாளராகவோ தலைமை ஆசிரியராகவோ இருந்தால் மனு ஒழுங்காக எழுதப்படும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து ஒப்புகை வாங்கப்படும், மறுமாதம் அதே மனுவைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர் போவார். விடாமல் தொடரும் இந்தப் பொறுமை வேறெந்த அமைப்புக்கும் கிடையாது.

என் மனக்குறை வேறு இடத்தில். சங்கங்களில் சந்தா கட்டுபவர்கள் பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர்கள். அடித்தளத்தை மூன்றடி உயர்த்தி அண்மையில் கட்டியவருக்குச் சாலை உயர்வது தொல்லையே இல்லை. அவர் வாசலில் ஒரு படி குறையும், அவ்வளவுதான். எதிரே நாற்பது வருடத்துப் பழைய வீட்டில் இருப்பவருக்கு அதே உயர்வு மழைக்காலம் தோறும் மணல் மூட்டை. இருவரும் ஒரே சங்கம். மனுவில் 'சாலையை உயர்த்தித் தர வேண்டும்' என்று எழுதப்பட்டால், அது யாருடைய விருப்பம்? சங்கத் தலைவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. வந்தவர் குரல்தான் தாளில் ஏறுகிறது, வராதவர் வீடு தாழ்ந்துபோகிறது.

மூன்றாவது வழி, தமிழ்நாடு அரசின் நமக்கு நாமே திட்டம். மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைத் தெருக்காரர்கள் தந்தால், மீதியை அரசு தரும். பதினைந்து லட்சம் ரூபாய் வேலை என்று வைத்துக்கொண்டால், ஐந்து லட்சம் திரட்ட வேண்டும். நாற்பது வீடுகள் என்றால் வீட்டுக்குப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. பணம் தந்தவர்களின் கேள்விக்கு அலுவலகத்தில் பதில் சீக்கிரம் கிடைக்கும். எந்தப் பணி வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதே தெருக்காரர்கள்தான் என்பதால், பேச்சு மதிப்பீட்டுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. என் முதல் கேள்விக்கு மூன்றிலும் நல்ல பதில் தரும் வழி இது.

இருந்தும் சாலைக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். சாலை அமைப்பது உள்ளாட்சியின் அடிப்படைக் கடமை, அதற்காகத்தான் சொத்து வரி கட்டுகிறோம். தேவனாம்பட்டினத்திலோ கடலூர் முதுநகரின் மீனவர் குடியிருப்புகளிலோ ஒவ்வொரு வீட்டிடமும் பன்னிரண்டாயிரம் கேட்பது நடக்கிற காரியமா? பணம் திரட்ட முடிந்த தெரு வரிசையில் முந்திக்கொள்ளும், முடியாத தெரு பின்னுக்குப் போகும். மரக்கன்று, பூங்கா, கண்காணிப்புக் கேமரா போன்றவற்றுக்கு இந்தத் திட்டம் மிகப் பொருத்தம். அங்கே தாராளமாகப் பயன்படுத்தலாம்.

இனிப் புதுச்சேரி. இருபது கிலோமீட்டர் வடக்கே போனால் முதல் வழியே மறைந்துவிடுகிறது. 1968-க்குப் பிறகு அங்கே உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-இல். அந்தப் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் நடக்கவில்லை. புதுச்சேரி, உழவர்கரை நகராட்சிகளை அதிகாரிகள் நடத்துகிறார்கள். வார்டு கவுன்சிலர் இல்லாத ஊரில் தெருக்காரர்கள் தேடிப்போவது சட்டமன்ற உறுப்பினரை. தொகுதி சிறியதென்பதால் அவரைப் பார்ப்பது கடினமில்லை. ஆனால் அந்தச் சந்திப்புக்குத் தீர்மானப் புத்தகம் கிடையாது. சொன்னது சொன்னதோடு போகும். ஊரின் குடிநீர்க் குழாய் பொதுப்பணித்துறையின் பொறுப்பு, மின்கம்பம் மின்துறையின் பொறுப்பு, உட்தெரு நகராட்சியுடையது. மூவரும் ஒரே நாளில் தெருவுக்கு வராவிட்டால், புதுச் சாலையைக் குழாய்க்காகத் தோண்டும் வழக்கம் தொடரும்.

ஆகவே அங்கே நலச்சங்கம்தான் ஒரே நிலையான வழி. அந்த ஊரில் கூட்டு முயற்சியின் ருசி அறியாதவர்கள் இல்லை. தமிழர் பகுதியில் உள்ள வைசியாள் வீதியில் திண்ணையும் தாழ்வாரமுமாக இருந்த வீட்டு முகப்புகள், வீட்டுக்காரர்களின் சம்மதத்தோடு வரிசையாகச் சீரமைக்கப்பட்டன. அந்தப் பணி யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதையும் பெற்றது. ஒவ்வொரு வாசலாகப் போய்ப் பேசினால் ஒரு தெரு முழுவதும் ஒப்புக்கொள்ளும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

எந்த வழியில் போனாலும் கையில் அளவு இல்லாமல் போகக் கூடாது. இதற்குக் கருவி ஏதும் வாங்க வேண்டியதில்லை. கொத்தனாரிடம் இருக்கும் டியூப் லெவல் போதும். உள்ளே இருப்பது தெரியும் நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீரை நிரப்பி, உள்ளே காற்றுக் குமிழி இல்லாதபடி தட்டித் தட்டி வெளியேற்ற வேண்டும். ஒரு குமிழி நின்றாலும் அளவு பொய் சொல்லும். தெருமுனைப் பாதாளச் சாக்கடை மூடியையோ வடிகால் சுவரின் மேல்விளிம்பையோ ஆதாரப் புள்ளியாக வைத்துக்கொள்ளலாம். ஒருவர் அங்கே குழாயைப் பிடிக்க, மற்றவர் வீடு வீடாக நகர்ந்து வாசற்படியருகே தண்ணீர் நிற்கும் உயரத்தைக் கேட் தூணில் சாக்கட்டியால் குறிக்க வேண்டும். நகரும்போது இரு முனையையும் கட்டைவிரலால் அடைத்துக்கொள்ளாவிட்டால் தண்ணீர் சிந்திவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கதவு எண், ஆதாரப் புள்ளிக்கு மேலே எத்தனை அங்குலம், கீழே எத்தனை அங்குலம் என்று நோட்டில் எழுதினால் ஒரு காலைப்பொழுதில் தெரு முடிந்துவிடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரின் தாழ்வான குடியிருப்புகளைச் சூழ்ந்தது. சுவரில் அந்தத் தண்ணீர் விட்ட கோடு இன்னும் தெரிந்தால் அதையும் அளந்து எழுத வேண்டும்.

இந்த நோட்டில் வீட்டுக்காரர், வாடகைக்காரர் என்ற பிரிவு கிடையாது. வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவரின் வாசற்படியும் அதில் ஏறுகிறது. என் இரண்டாவது கேள்விக்குப் பதில் தருவது இதுவே. உதவிப் பொறியாளரிடம் 'எங்கள் வீடெல்லாம் பள்ளம்' என்று சொல்வதற்கும், '14, 17, 22 ஆகிய எண்கள் வடிகால் விளிம்பைவிட நான்கு அங்குலம் தாழ்வு' என்று தாளை நீட்டுவதற்கும் வேறுபாடு உண்டு. இரண்டாவதை அவர் தன் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

என் தேர்வு இதுதான். கடலூரில் சங்கம் அளந்து கொடுக்கட்டும், பகுதி சபை அதைத் தீர்மானமாக்கட்டும். புதுச்சேரியில் சங்கமே நோட்டின் நகலை நகராட்சிக்கும் பொதுப்பணித்துறைக்கும் மின்துறைக்கும் ஒரே நாளில் கொடுத்து, மூன்று ஒப்புகைகளையும் வாங்கிவைக்க வேண்டும். இரண்டு ஊர்களிலும் மதிப்பீட்டின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். அதே 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 2(ஜே), நடக்கும் பணியைப் பார்வையிடவும் பொருள்களின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் குடிமக்களுக்கு உரிமை தருகிறது. வேலை முடிந்ததும், இறுதிப் பட்டியல் தொகை வழங்கப்படும் முன், அதே குழாயை அதே புள்ளியில் வைத்து மறுபடி அளந்து, வேறுபாடு இருந்தால் எழுத்தில் கொடுக்க வேண்டும்.