மஸ்கெலியா அக்கரை போட்: தண்ணீர் மட்டத்தைப் பார்த்து ஏறுங்கள்

அக்காவைக் கட்டிக் கொடுத்தது, இலங்கை மலையகத்தில் எங்கள் மஸ்கெலியா டவுனை ஒட்டிய மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கு அந்தப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில். டவுனில் நின்று பார்த்தால் அவள் லயத்துத் தகரம், அதாவது தோட்ட வரிசை வீட்டுக் கூரை, வெயிலில் மின்னும். ரோட்டால் போவதென்றால் தண்ணீரைச் சுற்றிக்கொண்டு, குழி விழுந்த தோட்டப் பாதையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். ஆட்டோ 1500 ரூபாய்க்குக் குறையாது, மழை என்றால் அதுவும் வராது. போட்டில் ஆளுக்கு 100 ரூபாய், கால் மணி நேரத்தில் அக்கரை. பெரிய மூட்டை இருந்தால் இன்னொரு 50. கணக்கு இவ்வளவுதான்.

ஆனால் அந்த 100 ரூபாய் பெறுமதியா என்று கேட்டால், எந்த மாதம் என்று நான் திருப்பிக் கேட்பேன். தென்மேற்கு மழை கொட்டி நீர்த்தேக்கம் நிறைந்துவிட்டால் போட் ரோட்டோரத்துப் படியிலேயே வந்து முட்டும். செருப்பு நனையாமல் ஏறி, செருப்பு நனையாமல் இறங்கலாம். பெப்ரவரி, மார்ச்சில் கதையே வேறு. இங்கே தேங்கும் தண்ணீர் சுரங்கம் வழியாகக் கெனியன் மின்நிலையத்துக்குப் போகிறது, 60 மெகாவாட் நிலையம். மழை இல்லாத நாட்களில் அங்கே டர்பைன் சுற்றச் சுற்ற இங்கே கரை கீழே இறங்கிக்கொண்டே போகும். அப்போது துறை என்று ஓர் இடமே கிடையாது. இன்றைக்குத் தண்ணீர் எங்கே நிற்கிறதோ அதுதான் துறை. வெடித்துக் கிடக்கும் சேற்றில் இறங்கி நடக்க வேண்டும். கடைசிப் பகுதி கொழகொழவென்று இருக்கும், அதில் பழைய டயர்களைப் போட்டு மேலே ஒரு பலகை வைத்திருப்பார்கள். அந்தப் பலகையில் அக்காவும் நானும் ஆளுக்கொரு பக்கம் கேஸ் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு நடந்த நாளில் 100 ரூபாய் எனக்கு அதிகமாகத்தான் பட்டது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம். அணை கட்டி முடித்தது 1969 இல். பழைய மஸ்கெலியா டவுன் இந்தத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது, இப்போதுள்ள டவுன் பிறகு மேட்டில் கட்டியது. கடும் வறட்சியில் பழைய கோயில், பள்ளிவாசல், விகாரை எல்லாம் வெளியே தலைகாட்டும். அந்த நாட்களில் போட் நேர்க்கோட்டில் போகாது. “இந்தப் பக்கம் கோயில் சுவர் கிடக்கு, சுத்தித்தான் போகணும்” என்று போட்கார அண்ணன் சாதாரணமாகச் சொல்லிவிட்டு வளைப்பார். என் அம்மா மட்டும் ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் கையெடுத்துக் கும்பிடுவார்.

இதைப் பார்க்கவும், சிவனொளிபாதமலை யாத்திரை சீசனுக்கும் கூட்டம் வரும். டிசம்பர் பௌர்ணமிப் போயாவில் இருந்து மே மாத வெசாக் வரை, மலை ஏறத் தொடங்குகிற நல்லதண்ணிக்குப் போகிற பஸ்கள் எல்லாம் மஸ்கெலியாவைத் தாண்டித்தான் போக வேண்டும். வருகிறவர்கள் ஒரு ரவுண்டுக்குக் கேட்ட காசைக் கொடுக்கிறார்கள். அண்ணனும் அவர்களை ஏற்றிக்கொண்டு போய்விடுவார். மாவு மூட்டையோடு, பிள்ளையோடு நாங்கள் கரையில் நிற்போம். அவருக்கும் பிழைப்பு இருக்கிறது, சரி. ஆனால் வருஷம் முழுக்க ஏறுகிற எங்களை முதலில் இறக்கிவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்?

போட் ஓட்டுகிற கையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஏறும்போதே ஆளைப் பார்த்து இடம் சொல்வார். “தங்கச்சி நீங்க நடுவுல, அந்தச் சீனி மூட்டைய முன்னுக்குத் தள்ளுங்க.” காலையில் பனி இறங்கி எதிரே உட்கார்ந்திருப்பவர் முகமே மங்கலாக இருக்கும்போது, பாதி வழியில் எஞ்சினை நிறுத்திவிடுவார். முதல் தடவை நான் பயந்தே போனேன். அவர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கரைத் தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் ஃபேன் இரவெல்லாம் ஓடி விடிந்த பிறகும் நிற்காது. அந்த உறுமல் எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்று பார்த்துவிட்டு, கயிற்றை இழுத்து மறுபடி ஸ்டார்ட் பண்ணி, சரியாகத் துறையில் கொண்டுபோய் விட்டார். ஃபெக்டரிக்கு லீவு நாளில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “பனி விலகுற வரைக்கும் வீட்ல பிளேன்டீ குடிப்பேன்” என்றார்.

குறை லைஃப் ஜக்கெட்டில்தான். இருப்பது நாலு. அதுவும் பொலித்தீனில் சுற்றி முன்பக்கம் கட்டிக் கிடக்கும், யாராவது ஒரு பாட்டி அதன்மேல் மெத்தைபோல் உட்கார்ந்திருப்பார். கேட்டால் எடுத்துத் தருவார், கேட்காவிட்டால் இல்லை. பன்னிரண்டு பேர் ஏறுகிற போட்டுக்கு இது போதவே போதாது. அடியில் ஊறுகிற தண்ணீரை இறைக்க வெட்டிய எண்ணெய்க் கேன் ஒன்று கிடக்கும். அது பரவாயில்லை, எல்லா போட்டிலும் இருக்கிறதுதான். ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெறும் சட்டையோடு ஓரத்தில் உட்கார்ந்து வருவதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. நீந்தத் தெரிந்த பிள்ளை எங்கள் பக்கத்தில் அபூர்வம். நான் இப்போது ஏறியவுடன் வாய்விட்டுக் கேட்டு, சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டுவிடுகிறேன். நீங்களும் கேளுங்கள், அண்ணன் கோபிக்க மாட்டார்.

மழைக்காலத்துப் பின்னேரங்களில் காற்று எழும்பினால் நான் ஏறுவதில்லை, காசு போனாலும் ஆட்டோதான். மற்ற நாட்களில் போட்டை விட்டால் வேறு வழி தேட மாட்டேன். சம்பளம் போட்ட வாரத்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாலு மணிக்கு முன்னாலேயே துறைக்குப் போய்விடுங்கள். அதற்கு அப்புறம் மூட்டைகளுக்குத்தான் இடம், உங்களுக்கு இல்லை.