‘ஹிஜாபி ஸ்பெஷல்’ முடி சிகிச்சைக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

அஸ்ஸலாமு அலைக்கும் சகோதரிகளே.

‘லேடீஸ் ஒன்லி, ஹிஜாபி ஸ்பெஷல்’ என்று போர்டு வைத்த ஒரு ஹேர் கிளினிக்கில் 16,000 ரூபாய் கட்டி ஏமாந்திருக்கிறேன். பணத்தைக்கூட விடுங்கள். அங்கே என்னிடம் சொன்ன பொய்யும், நான் தலையைத் திறந்து உட்கார்ந்திருந்தபோது நடந்ததும்தான் மனதை அறுக்கிறது.

நான் திருச்சியில் பள்ளி ஆசிரியை. ஃபஜ்ர் தொழுகைக்கு எழுந்து தலைக்குக் குளித்தால் ஏழரை மணி பஸ்ஸுக்குள் முடி காயாது. ஈரத்தோடு கொண்டை போட்டு, நழுவாமலிருக்க உள்கேப்பை இழுத்து மாட்டி, மேலே ஷாலைப் பின் குத்திக்கொண்டு ஓடுவேன். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கழற்றும்போதும் கொண்டைக்குள் ஈரவாடை அடிக்கும். போன வருடம் இரண்டு பொட்டுப் பக்கமும் முடி குறைய ஆரம்பித்தது. தலை வாரிவிட்ட அம்மா, "என்னம்மா, நெத்தி மேல ஏறிக்கிட்டே போகுது" என்றார். அந்த வாரம்தான் இன்ஸ்டாகிராமில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன்.

அக்காவோடு போனேன். பேனா மாதிரி ஒரு கேமராவை என் தலையில் வைத்து, திரையில் பெரிதாக்கிக் காட்டினார்கள். வெள்ளை வெள்ளையாகச் செதில். "பாருங்க சிஸ்டர், வேர் எல்லாம் செத்துட்டு வருது. மூடியே வைக்கிறதால முடிக்குக் காத்துப் படல, மூச்சு முட்டுது" என்றார் அந்தப் பெண். எட்டு சிட்டிங், 24,000 ரூபாய். அதில் அன்றைக்கே 16,000 முன்பணமாகக் கட்டினால் எண்ணெய் இலவசம். யோசிக்க ஒரு நாள் கேட்டேன். "ஆஃபர் இன்னைக்கு மட்டும்தான்" என்றார்கள். பயத்தில் கட்டிவிட்டேன்.

அந்த எண்ணெய் பாட்டிலை வீட்டில் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். ‘ஹிஜாப் ஹேர் ஆயில்’ என்று கலர் பிரிண்ட் ஒட்டியிருந்தது. தயாரித்தவர் பெயர் இல்லை. உரிம எண், பேட்ச் எண், உள்ளே என்ன இருக்கிறது, எதுவரை பயன்படுத்தலாம், ஒன்றுமே இல்லை. நம் நாட்டில் விற்கும் அழகுசாதனப் பொருளில் இவை அச்சாகியிருக்க வேண்டும் என்பது சட்டம். மஞ்சளாக, சாதாரணத் தேங்காயெண்ணெய் போலத்தான் மணந்தது. இரவில் தடவி, "நல்லா இறுக்கிப் பின்னி, மூடிக்கிட்டுத் தூங்குங்க" என்று சொல்லியிருந்தார்கள். காற்றுப் படாததுதான் நோய் என்றவர்களே மூடச் சொல்கிறார்களே என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மூன்றாவது சிட்டிங்கில், முடியை நேராக்கும் ‘கெரட்டின்’ போட்டார்கள். ஏதோ பூசி, சூடான இரும்பை முடியில் இழுத்ததும் புகை வந்தது. கல்லூரி விலங்கியல் லேபில் தவளை ஜாடியைத் திறந்தால் வருமே, அதே நெடி. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, தொண்டை எரிந்தது. "ஃபார்மலின் இல்லவே இல்ல சிஸ்டர்" என்றார்கள். பாட்டிலைக் கேட்டால், வேறு டப்பாவில் ஊற்றி வைத்ததாம். அதில் என்ன இருந்தது என்று நிரூபிக்க என்னிடம் வழியில்லை. ஆனால் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது: இப்படி முடியை நேராக்கும் சில கலவைகளில் மெத்திலீன் கிளைகால் என்ற பெயரில் வருவதும் சூடுபட்டால் ஃபார்மால்டிஹைடு வாயுவைத்தான் விடும் (இதைத் தண்ணீரில் கரைத்ததுதான் ஃபார்மலின்). அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே சொல்லியிருக்கிறது. கர்ப்பமாக இருக்கும் சகோதரிகள் தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அந்தப் புகைக்கு நடுவில்தான் திரையை விலக்கிக்கொண்டு ஓர் ஆண் உள்ளே வந்தார். ஏசி மெக்கானிக். கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. முடியெல்லாம் விரிந்து, கையில் ஒரு துண்டுகூட இல்லாமல் நான். அக்கா ஓடிவந்து தன் துப்பட்டாவை என் மேல் போட்டாள். வேலை செய்த பெண், "அவர் நம்ம ஆள்தான், ஒண்ணும் நினைச்சுக்காதீங்க" என்றார். அன்று இரவு முழுக்க அழுதேன்.

பிறகு அரசு மருத்துவமனை தோல் பிரிவுக்குப் போனேன். அந்த டாக்டர் அம்மா பொட்டுப் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்து, முதலில் கேட்டது, "கொண்டையை எவ்வளவு இறுக்கிப் போடுவீங்க?" முடி வேருக்கு வேண்டியது ரத்தத்தில் வருகிறது, வெளிக்காற்றில் இல்லை, மூடுவதால் முடி சாகாது என்றார். தினமும் ஒரே இடத்தில் இழுபட்டதால் வந்த உதிர்வு இது. ஆரம்பத்திலேயே இழுப்பதை நிறுத்தினால் திரும்ப முளைக்கும், வருடக்கணக்கில் இழுத்தால் வேர் தழும்பாகிப் போய்விடும். செதில் என்பது ஈரத்தில் பெருகிய பூஞ்சையால் வந்த பொடுகு. கீட்டோகோனசோல் ஷாம்பு எழுதித் தந்தார், தேய்த்து ஐந்து நிமிடம் விட்டு அலச வேண்டும். ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் டி பார்க்கச் சொன்னார். எனக்கு ரத்தசோகை இருந்தது, அதற்கும் மாத்திரை.

இப்போது இரவிலேயே குளித்துக் காயவைத்துவிடுகிறேன். கொண்டையைத் தாழ்வாக, தளர்வாகப் போட்டு, தினம் இடம் மாற்றுகிறேன். இறுக்கமான கேப்பை எடுத்து வைத்துவிட்டேன். முடி மாதம் ஒரு சென்டிமீட்டர் போலத்தான் வளரும், அதனால் பொறுமை வேண்டும். நான்கு மாதத்தில் பொட்டுப் பக்கம் பூனை முடி தெரிகிறது.

மிச்ச சிட்டிங் பணத்தைக் கேட்டதற்கு, ரசீதின் பின்பக்கம் ‘திருப்பித் தரப்படாது’ என்று இருப்பதைக் காட்டினார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். ரசீது, ஜிபே ஸ்கிரீன்ஷாட், விளம்பரம் மூன்றையும் வைத்திருந்தது உதவியது. மூன்று சிட்டிங்குக்கு 9,000 போக 7,000 வர வேண்டும். இதுவரை 5,000 வந்திருக்கிறது.

முதல் நாள் வரவேற்பறையில் எனக்கு அடுத்து ஒரு கல்லூரிப் பெண், கறுப்பு அபாயாவில், ஐநூறு ரூபாய் நோட்டுகளை இரண்டு முறை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தங்கச்சி, நீ இதைப் படித்தால் ரசீதைத் தொலைத்துவிடாதே. எனக்கு மெசேஜ் பண்ணு, புகார் எழுத நானே கூட இருக்கிறேன்.